காண்பன: காகம்

பயிற்சி அறையில் மின்விசிறி சுற்றியது. காற்று மட்டும் வரவில்லை. கருத்தாளர் ஆளுக்கொரு வெள்ளைத் தாள் கொடுத்தார். "பத்து நிமிஷம். ‘என் பணியின் நோக்கம்’னு தலைப்புப் போட்டு மனசுல பட்டதை எழுதுங்க. யாரும் யாரையும் பார்த்து எழுதக் கூடாது" என்றார். கடைசி வாக்கியம் பழக்கதோஷத்தில் வந்திருக்க வேண்டும். ஆனாலும் நோக்கத்தைக்கூடப் பார்த்து எழுதிவிடுவார்கள் என்று ஆசிரியர்களைப் பற்றி ஓர் ஆசிரியருக்குத்தானே தெரியும்!

மதுரையிலிருந்து மேலூர் போகும் சாலையில் இறங்கி, கண்மாய்க் கரையோடு உள்ளே போனால் வரும் ஓர் ஊரில் நான் நடுநிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியை. ஆறு, ஏழு, எட்டு என்று மூன்று வகுப்புகள். ‘நோக்கம்’ என்ற சொல்லை வாரத்துக்கு நாலு தடவையாவது கரும்பலகையில் எழுதுகிறவள். நோக்கம், தேவையான பொருள்கள், செய்முறை, காண்பன, அறிவன. இந்த ஐந்து தலைப்புக்குள் உலகத்தில் எதையும் அடக்கிவிடலாம். ஆனால் அந்த நோக்கமெல்லாம் புத்தகத்தில் அச்சாகி வந்துவிடும். சொந்தமாக ஒன்று எழுதச் சொல்லி என்னை யாரும் கேட்டதில்லை.

பக்கத்தில் இருந்த கணக்கு சார் ஒரே வரியில் முடித்துத் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டார். மெதுவாக நிமிர்த்திப் பார்த்தேன். "பழைய ஓய்வூதியத் திட்டம்." 2003 ஏப்ரலுக்குப் பிறகு பணியில் சேர்ந்த எங்கள் எல்லோருக்கும் பொதுவான நோக்கம் அது. பார்த்து எழுதினாலும் தப்பில்லை.

மணி பதினொன்றரை என்றது சுவர்க் கடிகாரம். எனக்கு நம்பிக்கையில்லை. எங்கள் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் என்ற பேராசிரியர் இருந்தார். இருண்ட குகைக்குள் தொங்கும் வௌவாலுக்கு வெளியே பொழுது சாய்ந்தது எப்படித் தெரிகிறது என்று ஆண்டுக்கணக்காக ஆராய்ந்தவர். அப்புறம், சூரியனும் கடிகாரமும் எட்டாத ஒரு தனியறையைக் கட்டி, விருப்பப்பட்டு வந்த மனிதர்களை உள்ளே தங்கவைத்தும் பார்த்தார். அப்படி இருக்கிறவர்களின் உடம்பு ஒரு நாளை 24 மணி நேரத்தில் முடித்துக்கொள்வதில்லை. கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகும். விலங்கியல் படித்த காலத்தில் இதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன். புரிந்துகொண்டது பயிற்சி அறைகளில்தான்.

உண்மையைச் சொன்னால் நான் எந்த நோக்கமும் இல்லாமல் இந்த வேலைக்கு வந்தவள். மருத்துவக் கல்லூரி இடம் எனக்கு நூலிழையில் தவறவில்லை, தேர் வடம் பருமனுக்குத் தவறியது. அதனால் விலங்கியல், அதனால் பி.எட்., அதனால் தகுதித் தேர்வு, கவுன்சலிங். எனக்கு முன்னால் போனவர்கள் மெயின் ரோட்டு ஊர்களையெல்லாம் எடுத்துக்கொண்டார்கள். மிச்சத்தில் எதை எடுப்பது என்று முழித்தபோது, பின்னால் நின்றவர் ஒருவர், "இந்த ஊரை எடுங்க, யானைமலை நல்லாத் தெரியும்" என்றார். பொய்யில்லை. ஒத்தக்கடையிலிருந்து பார்த்தால் படுத்திருக்கும் யானை மாதிரியே இருக்கும் அந்த மலை, எங்கள் பள்ளி வாசலிலிருந்து பார்த்தால் யானை எழுந்து போன இடத்தில் கிடக்கும் ஏதோ ஒன்று மாதிரி இருக்கும்.

நடுநிலைப் பள்ளியில் அறிவியலுக்கு ஒரே ஆள். இயற்பியலும் நான், வேதியியலும் நான், தாவரமும் விலங்கும் நான். கரப்பான்பூச்சியின் நரம்பு மண்டலத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். கண்ணைத் திறந்துகொண்டு ஒரு பல்பை எரியவைக்கத் தெரியாது. முதல் வருடம் மின்சுற்றுப் பாடத்தில் பேட்டரி, வயர், பல்பு எல்லாவற்றையும் புத்தகப் படத்தில் இருக்கிறபடியே சேர்த்தேன். எரியவில்லை. மாற்றி மாற்றிச் சேர்த்தேன். படத்தில் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. கடைசியில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து வந்தான். திருவிழாக்களுக்கு மைக்செட்டும் சீரியல் லைட்டும் கட்டுகிறவர் மகன். வயர் நுனியைப் பல்லால் கடித்து உரித்தான், பல்பை ஒரு திருகு திருகினான், எரிந்தது. "மேல பூசியிருக்கிற பிளாஸ்டிக்கை உரிக்காம வச்சா எப்புடி டீச்சர் கரண்ட் வரும்?" மிச்சப் பாடத்தை அவனே நடத்தினான். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன்.

பள்ளியில் உபகரணம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு பெட்டி இருந்தது. அது தலைமையாசிரியர் அறைப் பீரோவில் இருந்தது. பீரோவுக்கு ஒரு சாவி, சாவிக்கு ஒரு பதிவேடு. இருப்புப் பதிவேட்டில் ‘சோதனைக் குழாய் 12’ என்றால் தணிக்கைக்கு வருகிறவர் எண்ணும்போதும் 12 இருக்க வேண்டும். உடைந்தால் யார், எப்போது, எதற்காக என்று எழுத வேண்டும். எடுத்தால்தானே உடையும் என்பது அந்த நாள் தலைமையாசிரியரின் கண்டுபிடிப்பு. அவர் ஓய்வு பெறும் நாளன்று 12 குழாயும் தாலி கட்டிய நாள் மணப்பெண் மாதிரிப் பளபளவென்று இருந்தன. பெட்டியிலிருந்த பூதக்கண்ணாடி ஒன்றுதான் உழைத்தது. பதிவேட்டின் பொடி எழுத்தைப் படிக்க.

ஆக, குப்பையை நம்பினேன். அரவிந்த் குப்தா என்ற பொறியாளர் குப்பையில் கிடக்கிற பொருளிலிருந்து அறிவியல் பொம்மைகள் செய்யச் சொல்லித் தருகிறவர். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் நடத்துகிற ‘துளிர்’ பத்திரிகையின் பழைய இதழ்களும் ஒரு கட்டு கிடைத்தது. குளிர்பானம் உறிஞ்சும் ஸ்ட்ராவின் நுனியை நசுக்கி, இரு பக்கமும் சாய்வாக வெட்டி ஊதினால் நாதஸ்வரச் சீவாளி மாதிரிச் சத்தம் போடும். ஊதிக்கொண்டே கத்தரிக்கோலால் வெட்டிக் குறைத்தால் சுருதி ஏறும். அருமையான வகுப்பு. ஒலிப் பாடம் முடிந்து மூன்று வாரமாகியும் ஒலி முடியவில்லை. பக்கத்து வகுப்புத் தமிழம்மா இன்றுவரை என்னிடம் முகங்கொடுத்துப் பேசுவதில்லை.

2022 ஜூன். ஆறாம் வகுப்பு, முதல் பாடம் அளவீடு. (ஏழிலும் முதல் பாடம் அளவீடு, எட்டிலும் அளவீடு. அளக்காமல் தமிழ்நாட்டில் யாரும் மேல் வகுப்புக்குப் போக முடியாது.) சாண், முழம் இவற்றையெல்லாம் ஏன் திட்ட அலகாக வைத்துக்கொள்ள முடியாது என்று கேட்டேன். ஆளுக்கு ஆள் கை நீளம் மாறும் என்பது புத்தகத்து விடை. மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள்.

"எங்க அப்பத்தாவுக்கு ஒரே கைதான் டீச்சர். ஆனா முழம் மாறுது."

அப்பத்தா பூ விற்கிறவர். விடியற்காலையில் மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குப் போய் உதிரி மல்லி வாங்கிவந்து, கட்டி, ஊரிலும் பஸ் நிறுத்தத்திலும் விற்பவர். "மல்லி கிலோ முந்நூறுக்கு வந்தா முழம் இம்புட்டு" என்று முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை காட்டினாள். "முகூர்த்த நாள்ல ஆயிரத்தைத் தாண்டிப் போகும்ல, அன்னிக்கு முழம் இம்புட்டு." இப்போது மணிக்கட்டுக்குச் சற்று மேலே முடிந்துவிட்டது.

வகுப்பு சிரித்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சூட்டில் பொருள் விரியும் என்று படித்திருக்கிறேன்; விலை ஏறினால் முழம் சுருங்கும் என்று எந்தப் புத்தகமும் சொன்னதில்லை. உடனே ஆராய்ச்சி தொடங்கியது. இரண்டு வாரம், தினமும் ஒரு முழம் பூ, என் செலவு. அளவுகோலால் அளந்து, அன்றைய சந்தை விலையோடு சேர்த்து வரைபடத்தாளில் புள்ளி வைத்தோம். சாதாரண நாள் 44 சென்டிமீட்டர். வளர்பிறை முகூர்த்தத்தன்று 36. புள்ளிகளைச் சேர்த்ததும் கோடு அழகாகச் சரிந்து இறங்கியது. சுவரில் ஒட்டினோம். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. மதுரை முழத்தைப் பற்றி முதலில் ஆராய்ந்தது நாங்கள்தான் என்று வகுப்பில் பீற்றிக்கொண்டேன்.

மறுநாள் பூக்கூடையோடு அப்பத்தா வாசலில் நின்றார்.

"யாரு டீச்சரம்மா என் கையை அளக்கச் சொன்னது?"

நான் அறிவியல், ஆர்வம், பிள்ளைகள் என்று என்னென்னவோ உளறினேன். அவர் காதில் வாங்காமல் நேரே வரைபடத்தின் முன்னால் போய் நின்று, மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் கோடு இறங்குகிறது என்பதைப் பார்க்க எழுத்து வேண்டியதில்லை.

"நீட்டத்தை மட்டுந்தான பாத்தீக? முகூர்த்த நாளு நெருக்கிக் கட்டுவேன். பூவை எண்ணுனீகளா?"

எண்ணவில்லை. அளக்க வேண்டிய இன்னொன்று இருக்கிறது என்று எனக்கோ, என் பி.எட்.டுக்கோ தோன்றவேயில்லை. அடுத்த முகூர்த்தத்துக்குக் காத்திருந்து, பூவை ஒவ்வொன்றாக எண்ணினோம். அப்பத்தா சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதியை அவரிடம் சொல்லப் பேத்தி மறுத்துவிட்டாள். "நீங்களே சொல்லுங்க டீச்சர். நான் அந்த வீட்டுலதான சாப்புடணும்."

இனி தெர்மாகோல். மதுரைப் பக்கம் எந்த அறிவியல் ஆசிரியரும் இதிலிருந்து தப்ப முடியாது. கரும்பலகையில் ‘ஆவியாதல்’ என்று எழுதித் திரும்புவதற்குள் கடைசி பெஞ்சிலிருந்து "தெர்மாகோல்!" என்று குரல் வரும். 2017 ஏப்ரலில், வறட்சிக் காலத்தில், வைகை அணைத் தண்ணீர் ஆவியாகாமல் தடுக்கத் தெர்மாகோல் அட்டைகளை ஒட்டி மிதக்கவிட்டார்கள். அடித்த காற்றில் அவை கரை ஒதுங்கிவிட்டன. நாடே சிரித்தது. நாங்களும் சிரித்தோம், கொஞ்சம் எச்சிலை விழுங்கிக்கொண்டு. அது நாங்கள் குடிக்கிற தண்ணீர். காலையில் பத்திரிகையைப் பிரித்தால் தங்கம் விலைக்கு முன்னால் வைகை அணை நீர்மட்டம் பார்க்கிற ஊர் இது. 71 அடியில் இன்று எத்தனை அடி என்பது இங்கே ஜாதகத்தில் ஒரு கட்டம்.

சில வருடம் நானும் பிள்ளைகளோடு சேர்ந்து சிரித்துவிட்டுப் பாடத்துக்குப் போய்விடுவேன். ஒரு வருடம் ஏழாம் வகுப்பில் ஒருத்தி, "யோசனை தப்பா டீச்சர், செஞ்ச விதம் தப்பா?" என்று கேட்டுவிட்டாள். அன்று சிரிப்பு நின்றது. வீட்டுக்குப் போய்த் தேடிப் படித்தேன். 2015-இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு நீர்த்தேக்கத்தின் மேல் 9 கோடியே 60 லட்சம் கறுப்புப் பந்துகளைக் கொட்டியிருக்கிறார்கள். வெயில் பட்டுத் தண்ணீரின் தரம் கெடாமலிருக்க என்பது முதல் காரணம். ஆவியாவதும் குறையும் என்பது கூடுதல் லாபம். ஆக, தண்ணீரை மூடுவது ஒன்றும் பைத்தியக்காரத்தனமில்லை. செய்து பார்த்துவிடுவோம்.

சத்துணவுத் தட்டு இரண்டு. ஒவ்வொன்றிலும் 300 மில்லி தண்ணீர். ஒன்றின் மேல் டி.வி. பெட்டிக்குள் வந்த தெர்மாகோல், அளவாக வெட்டியது. வெயிலில் வைத்தோம். ஆடி மாதம். வைகை அணையில் நடந்தது அப்படியே நடந்தது. அட்டை பறந்துபோய்த் தலைமையாசிரியர் அறை ஜன்னலில் ஒட்டிக்கொண்டது. பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். ஒருவன் மட்டும் சிரிக்காமல் போய் நாலு கூழாங்கல் பொறுக்கிவந்து, புது அட்டையின் நாலு மூலையிலும் வைத்தான். அந்த அமெரிக்கப் பந்துகளுக்குள்ளும் காற்றில் பறக்காமலிருக்கக் கொஞ்சம் தண்ணீர் விட்டுத்தான் அடைத்திருந்தார்கள். இவனுக்கு அது தெரியாது. இவன் வீட்டு வைக்கோல் படப்புக்கு மேலே கல் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள்.

சாயங்காலம் பார்த்தால் திறந்திருந்த தட்டு சுத்தமாகக் காலி. ஒரு பகலில் 300 மில்லியும் ஆவியாகிப் போவதென்றால் தல்லாகுளத்தில் ஒட்டகம்தான் மேய வேண்டும். மறுநாள் ஆள் போட்டுக் காவல் இருந்தோம். உண்மை கறுப்பாக, இறக்கையோடு வந்து உட்கார்ந்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குடித்தது.

அன்றைக்கு ஒரு பெண் பதிவேட்டில் எழுதியதை அப்படியே வைத்திருக்கிறேன். "காண்பன: காகம். அறிவன: காகம் குடித்தாலும் தண்ணீர் குறையும்." சிவப்பு மையால் அடிக்கத்தான் பேனாவைத் திறந்தேன். எதை அடிப்பது? முழு மதிப்பெண் போட்டேன். அதற்குள் கூழாங்கல் பையன் கேட்டான்: "காக்கா குடிச்சது ஆவியாதல்ல சேருமா டீச்சர்?" சேராது என்றேன். "அப்ப டேம்ல காக்கா, கொக்கு, மாடெல்லாம் குடிக்குதே, அதை எந்தக் கணக்குல எழுதுவாய்ங்க?" அவனுக்கு இன்னும் பதில் பாக்கி.

மூன்றாம் தடவை இரண்டு தட்டுக்கும் மேலே மாவுச் சல்லடையைக் கவிழ்த்தோம். சோதனை சரியாக வந்தது; மூடிய தட்டில் தண்ணீர் குறைவாகவே இறங்கியிருந்தது. சரியாக வந்த அன்று ஒருத்தரும் தட்டைப் பார்க்கவில்லை. எல்லோரும் அண்ணாந்து காகத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

2019 டிசம்பர் 26-இல் வந்த வளையக் கிரகணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோவை, திண்டுக்கல், மதுரை வழியாக நிழல் போகிறது, வாழ்நாளில் சில தடவையே வாய்க்கும் என்று வீடு வீடாகச் சொல்லியும் அரையாண்டு விடுமுறை நாளில் வந்தது நாலு பிள்ளைகள், ஒரு நாய். மற்றவர்களை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். புங்கமரத்தடியில் இலை இடுக்கு ஒவ்வொன்றும் ஊசித்துளைக் கேமராவாகித் தரை முழுக்கப் பிறைபிறையாகச் சூரியன் விழுந்தது. நாய் ஒவ்வொரு பிறையாக மோந்து பார்த்துக்கொண்டே போனது. இதைவிட நல்ல வகுப்பை நான் எடுத்ததில்லை. அதற்கு வருகைப் பதிவேடும் இல்லை.

உலக்கை விவகாரம் 2022-இல். அக்டோபர் 25, தீபாவளிக்கு மறுநாள், சூரியன் மறையப் போகும் நேரத்தில் கொசுறாக ஒரு பகுதிக் கிரகணம். விடுமுறை முடிந்து வந்த பிள்ளைகள் பட்டாசைப் பற்றிப் பேசவில்லை. "உலக்கை நின்னுச்சு டீச்சர்!" கிரகணம் பிடித்திருக்கும்போது பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி நடுவில் உலக்கையை வைத்தால், பிடிமானம் இல்லாமல் நேராக நிற்கும், கிரகணம் விட்டதும் சாய்ந்துவிடும் என்பது எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் தெரிந்த உண்மை. என் மாமியார் வீட்டிலும் உண்மைதான்.

"எந்த நாளும் நிற்கும்" என்றேன்.

"நிறுத்திக் காட்டுங்க."

ஒரு செவ்வாய்க்கிழமை வீட்டு உலக்கையோடு பஸ் ஏறினேன். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணமில்லை. கண்டக்டர் எனக்குச் சும்மா ஒரு சீட்டு கிழித்துக் கொடுத்துவிட்டு உலக்கையை ஏற இறங்கப் பார்த்தார். "இது ஆம்பளையா பொம்பளையா டீச்சர்?" என்று கேட்டு, லக்கேஜ் போட்டுவிட்டார். பதினைந்து வருடப் படிப்புக்கும் பட்டத்துக்கும் பிறகு, நான் இலவசம், உலக்கைக்குக் காசு.

காலை மூன்றாம் பாடவேளை. உலக்கை பதினோரு தடவை விழுந்தது. ஒரு தடவை புதுத் தலைமையாசிரியர் எட்டிப் பார்த்த நேரம் பார்த்து, அவர் கால்பக்கம் விழுந்தது. "என்ன டீச்சர் இது?" "ஈர்ப்பு மையம் சார்." அவர் ஒன்றும் சொல்லாமல் ஓர் அடி பின்வாங்கிக்கொண்டார். மணி அடித்தது. பிள்ளைகள் யாரும் கேலி செய்யவில்லை; அதுதான் தாங்க முடியவில்லை. "விடுங்க டீச்சர், இன்னிக்குக் கிரகணம் இல்லைல" என்று ஆறுதல் சொன்னார்கள். ஊர் முழுக்கச் சேர்ந்து நூறு வருடத்தில் வளர்த்த நம்பிக்கையை நாற்பது நிமிடத்தில் நான் இரட்டிப்பாக்கியிருந்தேன்.

மதியம், கடைசிக்கு முந்திய பாடவேளையில், பூக்காரப் பேத்தி கையைத் தூக்கினாள். "நான் ஒருக்கா பாக்கவா?" தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, உலக்கையை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டேயிருந்தாள். நாரில் பூத் தொடுக்கிற கை. எப்போது விரலை எடுத்தாள் என்று எங்களுக்குத் தெரியவில்லை. உலக்கை நின்றது. தாம்பாளமில்லை, தண்ணீரில்லை, சிமென்ட் தரையில்.

"கையை எடுக்கிறது அதுக்குத் தெரியக் கூடாது டீச்சர்" என்றாள்.

அன்று நான் நடத்தினேன் பாருங்கள் ஒரு பாடம்! உலக்கையின் அடியில் இரும்புப் பூண் இருக்கிறது, அது தட்டை. ஈர்ப்பு மையத்திலிருந்து நேர்கீழே இறங்கும் கோடு அந்தப் பூண் வட்டத்துக்குள் விழுந்தால் நிற்கும், வெளியே போனால் சாயும். வட்டம் சின்னது, அதனால் பொறுமை வேண்டும். கிரகணத்தன்று நிற்கும் என்ற நம்பிக்கையில் பொறுமையாக நிறுத்துகிறோம். மற்ற நாளில் யார் வேலை மெனக்கெட்டு உலக்கையை நிறுத்திப் பார்க்கிறார்கள்? மூடநம்பிக்கையின் முதுகெலும்பை முறித்துவிட்ட திருப்தியில் வீடு போனேன். திரும்பும்போது லக்கேஜ் வலிக்கவில்லை.

மறுநாள் காலையில் அப்பத்தா. கையில் பூக்கூடை இல்லை. தினசரிக் காலண்டரில் கிழித்த தாள் ஒன்று இருந்தது.

"படிங்க டீச்சரம்மா."

நவம்பர் 8, செவ்வாய்க்கிழமை. ராகு காலம், எமகண்டம், கீழே பொடி எழுத்தில்: சந்திர கிரகணம்.

"மத்தியானம் ரெண்டரைக்கு மேல புடிச்சிருக்கு. கோயில் நடையைக்கூடச் சாத்திட்டாய்ங்க. வெள்ளன நீங்க நிறுத்துனப்ப நின்னுச்சா? நிக்கல. மத்தியானம் என் பேத்தி நிறுத்துனா. நின்னுச்சு."

பூமியின் நிழல் நிலாவின் மேல் ஏறிக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் நான் மூடநம்பிக்கையின் முதுகெலும்பை முறித்துக்கொண்டிருந்தேன். வருடத்தில் 365 நாள் இருக்கிறது. அறிவியல் டீச்சர் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி எடுத்த நாள் அது. ஊருக்கே தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. என் வீட்டில் காலண்டர் கிழிக்கிறவர் மாமியார்.

விடவில்லை. புதன்கிழமை நிறுத்தினோம், நின்றது. வியாழக்கிழமையும் நின்றது. "தீட்டு மூணு நாளைக்கு இருக்கும்ல" என்றார் அப்பத்தா. அடுத்த வாரமும் நின்றது. அவர் வந்து, உலக்கையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். எங்கள் முகங்களைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"இப்புடிப் பண்ணுவோம். அடுத்து சூரிய கிரகணம் எப்ப வருது? அதுக்கு முந்துன நாளு நாலு ஆளு நாலு உலக்கையை நிறுத்தணும். அன்னிக்கும் அதே நாலு ஆளு, அதே உலக்கை. மக்காநாளும் அதே ஆளு. ஆளையும் மாத்தக் கூடாது, உலக்கையையும் மாத்தக் கூடாது, நேரத்தையும் மாத்தக் கூடாது. எம்புட்டு நேரம் நிக்குதுன்னு எழுதுங்க. அப்பச் சொல்றேன், நீ சரியா நான் சரியான்னு."

நான் வாயைத் திறந்தபடி நின்றேன். மாற்றாமல் வைத்துக்கொள்ள வேண்டியவற்றை மாற்றாமல் வைத்துக்கொள்வது என்ற பாடத்தை எட்டாம் வகுப்புக்குப் புரியவைக்க ஒவ்வொரு வருடமும் ஒரு வாரம் தண்ணீர் குடிக்கிறேன்.

எங்கள் பக்கம் தெரிகிற அடுத்த சூரிய கிரகணம் 2027 ஆகஸ்ட் 2, திங்கட்கிழமை, மாலையில் பகுதிக் கிரகணம் என்று பார்த்துச் சொன்னேன். எகிப்தில் முழுதாக மறைக்கும், நமக்குக் கொஞ்சம்.

"நான் அப்ப பதினொண்ணாவது படிப்பேன்" என்றாள் பேத்தி.

"நான் அப்ப இருப்பேன்" என்றார் அப்பத்தா, யாரோ இல்லையென்று சொன்ன மாதிரி. "பந்தயம். நான் தோத்தா டீச்சரம்மாவுக்குப் பத்து முழம் மல்லி. அவுக தோத்தா, சுவத்துல தொங்குதே அந்தக் கோடு, அதைக் கிழிச்சிரணும்."

"யார் முழம் அப்பத்தா?" என்றாள் பேத்தி. அதற்கு அவர் பதில் சொல்லவில்லை.

அந்த மாதம் 28-ஆம் தேதிதான் திருச்சியில் வானவில் மன்றத்தைத் தொடங்கினார்கள். ஆறு முதல் எட்டு வரை படிக்கிற அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெட்டியில் உபகரணங்களோடு தன்னார்வலர்கள் வந்து சோதனை செய்து காட்டும் திட்டம். நல்ல திட்டம், பெட்டியைத் திறப்பதற்கென்றே ஆள் வருகிறாரே! எங்கள் பள்ளிக்கு ஸ்கூட்டரில் ஓர் இளம்பெண் வந்து இறங்கினார். பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி: "அக்கா, உலக்கை கொண்டுவரலையா?"

"இன்னும் ரெண்டு நிமிஷம்" என்றார் கருத்தாளர். இந்தப் பயிற்சி நடந்தது 2024-இல், என் தாள் அதுவரை வெள்ளையாகவே இருந்தது. எனக்கு எழுதத் தெரிந்தது ஒரே மாதிரிதான். எழுதினேன்.

நோக்கம்: 2027 ஆகஸ்ட் 1, 2, 3 ஆகிய நாள்களில் உலக்கை நிற்கும் நேரத்தை ஒப்பிடுதல். தேவையான பொருள்கள்: உலக்கை 4, அதே ஆள்கள் 4, கடிகாரம், அப்பத்தா, மல்லிகை 10 முழம். செய்முறை: அப்பத்தா சொன்னபடி.

கணக்கு சார் கழுத்தை நீட்டி என் தாளைப் பார்த்தார். ஓய்வூதியத்தை எழுதிவிட்டு அவருக்குப் பொழுது போகவில்லை.

"முழத்துக்கு எத்தனை சென்டிமீட்டர்னு போட்டுருங்க டீச்சர்" என்றார். "பின்னாடி பிரச்சினை வரும்."